கேரட்டின் நிறம் ரத்தத்தில் என்ன சொல்கிறது?

1994 ஏப்ரலில் பின்லாந்திலிருந்து ஒரு ஆய்வு முடிவு வெளிவந்தது. 50 முதல் 69 வயது வரையிலான புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் ஐந்திலிருந்து எட்டு ஆண்டுகள் வரை தினமும் மாத்திரை சாப்பிட்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தரப்பட்டதில் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருந்தது. கேரட்டுக்கும் மாம்பழத்துக்கும் பரங்கிக்காய்க்கும் மஞ்சளும் ஆரஞ்சும் கொடுக்கிற அதே நிறமிதான். அது நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கும் என்று நம்பித்தான் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் பின்லாந்து அரசின் பொது சுகாதார நிறுவனமும் சேர்ந்து இவ்வளவு பெரிய சோதனையை நடத்தின. ஆனால் நோய் குறையவில்லை, கூடியது. கரோட்டின் எடுத்தவர்களில் 474 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது, எடுக்காதவர்களில் 402 பேருக்கு. கவனித்த ஆண்டுகளையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் 18 சதவீதம் அதிகம். எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணங்களைச் சேர்த்துப் பார்த்தாலும் கரோட்டின் பக்கமே 8 சதவீதம் கூடுதல்.

இந்த முடிவு பலருக்கும் தெரியும். அதே ஆய்வுக்குள் இருக்கும் இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே அந்த ஆண்களிடம் ரத்தம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்த ரத்தத்தில் பீட்டா கரோட்டின் எவ்வளவு இருந்தது என்று பார்த்தபோது, இயல்பாகவே அதிகம் இருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே வந்திருந்தது. அந்த ஆண்களை அதன் பிறகும் தொடர்ந்து கவனித்தார்கள். 31 ஆண்டுகளின் கணக்கை 2018இல் வெளியிட்டபோதும் அதே போக்குதான்: தொடக்கத்தில் ரத்தத்தில் நிறமி அதிகம் இருந்தவர்களிடையே மரணம் குறைவு.

ஆட்களும் ஒன்று, நிறமியும் ஒன்று. உணவாலும் உடல்வாகாலும் ரத்தத்தில் அது கூடியிருந்தபோது நல்ல அறிகுறியாக இருந்தது. மாத்திரையால் கூட்டியபோது கேடு வந்தது. இந்த இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? ‘ரத்தத்தில் இந்தச் சத்து அதிகம் இருந்தால் புற்றுநோய் வராது’ என்று வாரம் ஒரு செய்தி கைபேசிக்கு வந்து சேரும் காலத்தில் இதைப் புரிந்துகொள்வது ஒவ்வொருவருக்கும் அவசியம் என்று நினைக்கிறேன்.

கரோட்டின் மீது நம்பிக்கை வந்த கதையிலிருந்து தொடங்கலாம். காய்கறி, பழம் அதிகம் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று எழுபதுகளிலேயே நாடு நாடாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். 1981இல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் ஆகியோர் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை நிறுவியவர்களில் ஒருவரான அதே டால்தான். உணவில் உள்ள பீட்டா கரோட்டின் மனிதர்களுக்கு வரும் புற்றுநோயைக் குறைக்குமா என்பதே கட்டுரையின் பொருள். தலைப்பையே கேள்வியாகத்தான் வைத்திருந்தார்கள். அந்தக் கேள்விக்குறியை உலகம் சீக்கிரமே மறந்துவிட்டது.

அடுத்து ரத்த ஆய்வுகள் வந்தன. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் வாஷிங்டன் கவுன்ட்டி என்ற பகுதியில் 1974இல் 25,000க்கும் மேற்பட்டவர்கள் தாமாக முன்வந்து ரத்தம் கொடுத்தார்கள். அதை உறையவைத்துச் சேமித்தார்கள். பின்னாளில் அவர்களில் யாருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது என்று கண்டறிந்து, அவர்களுடைய பழைய ரத்தத்தையும் நோய் வராதவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். 1986இல் வந்த முடிவின்படி, பீட்டா கரோட்டின் மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு, மிக அதிகமாக இருந்தவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஆபத்து. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மறதியும் கூச்சமும் பதிலைக் கெடுக்கும். ரத்தம் மறக்காது, மறைக்காது. நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடுத்த ரத்தம் என்பதால், நோயே நிறமியைக் குறைத்துவிட்டது என்ற சந்தேகத்துக்கும் பெரும்பாலும் இடமில்லை. இதைவிட நல்ல சான்று என்ன வேண்டும் என்று அன்று ஆராய்ச்சியாளர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் ரத்தத்தில் தெரியும் அந்த எண் எதனால் ஆனது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான் இங்கே சொல்ல வருவதன் மையம் இதுதான்.

கரோட்டின் கொழுப்பில் கரையும் பொருள். பச்சைக் கேரட்டைக் கடித்துத் தின்றால் அதிலுள்ள நிறமியில் பெரும்பகுதி செல்சுவருக்குள்ளேயே அடைபட்டு வெளியே போய்விடும். வேகவைத்து, எண்ணெயில் தாளித்துச் சாப்பிடும்போது கூடுதலாக உடலில் சேரும். குடலில் உறிஞ்சப்பட்டதில் ஒரு பகுதி அங்கேயே வைட்டமின் ஏ ஆக மாறிவிடுகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதி எல்லோருக்கும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. அது பிறவியிலேயே அமையும் மரபணுவைப் பொறுத்தது. மாறாமல் தப்பியது கொழுப்போடு சேர்ந்து ரத்தத்துக்கு வந்து, பெரும்பாலும் எல்டிஎல் கொழுப்புத் துகள்களில் ஏறிப் பயணிக்கிறது. கொழுப்புத் திசுவிலும் கல்லீரலிலும் தங்குகிறது. உடல் பருத்தவர்களிடம் தங்குவதற்கு இடம் அதிகம் என்பதால் ரத்தத்தில் அளவு குறையும். மது அந்த அளவை மாற்றும். உடலில் அழற்சி இருந்தால் குறையும். பெண்களுக்குப் பொதுவாக ஆண்களைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும்.

புகைப்பழக்கம் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. புகைபிடிப்பவரும் பிடிக்காதவரும் ஒரே அளவு கேரட், ஒரே அளவு கீரை சாப்பிட்டாலும் புகைபிடிப்பவர் ரத்தத்தில் கரோட்டின் குறைவாகவே இருக்கும். புகையில் வரும் ஆக்சிஜனேற்றப் பொருட்கள் அதைச் சிதைத்துவிடுகின்றன. அதிகம் புகைத்தால் அதிகம் குறையும்.

ஆக ரத்தத்தில் கரோட்டின் குறைவு என்றால், அவர் கீரை சாப்பிடாதவராக இருக்கலாம், அதிகம் புகைபிடிப்பவராக இருக்கலாம், குடிப்பவராக இருக்கலாம், உடல் பருத்தவராக இருக்கலாம், உடலுக்குள் ஏதோ அழற்சி ஓடிக்கொண்டிருக்கலாம். இவற்றில் பலவும் தாமாகவே புற்றுநோய்க்கு வழிவகுப்பவை. ஒரு வாழ்க்கை முறையின் மொத்தக் கணக்கையும் அந்த ஒற்றை எண் சுமந்து நிற்கிறது. வாசலில் கோலம் இருந்தால் வீட்டில் ஆள் இருக்கிறார்கள், விளக்கேற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்கிறோம். பூட்டிக் கிடக்கும் வீட்டு வாசலில் போய் நாம் ஒரு கோலம் போட்டுவிட்டு வந்தால் உள்ளே அடுப்பு எரியாது. மாத்திரையால் ரத்தத்தின் கரோட்டினைக் கூட்டியது அப்படிப்பட்ட காரியம்.

புள்ளியியல் வழியில் புகையின் தாக்கத்தைக் கழித்துவிட்டுத்தானே முடிவு சொல்கிறார்கள் என்று கேட்கலாம். கழிக்கத்தான் முயன்றார்கள். ஆனால் ‘தினமும் எத்தனை சிகரெட்?’ என்ற கேள்விக்கு வரும் பதிலைத்தான் கழிக்க முடியும். எவ்வளவு ஆழமாக இழுக்கிறார், எத்தனை ஆண்டு, நடுவில் விட்டாரா, சொன்ன எண்ணிக்கை சரியா என்பதெல்லாம் கணக்குக்கு வெளியே நிற்கும். நுரையீரல் உண்மையில் வாங்கிய புகையின் அளவை அந்தப் பதிலைவிட ரத்தத்தின் கரோட்டின் அளவே சில சமயம் நன்றாகக் காட்டிவிடும். அப்போது கரோட்டின் காப்பதுபோல் கணக்கில் தெரியும். உண்மையில் அங்கே தெரிவது குறைவாகப் புகைத்தவரின் பலன்.

இன்னொன்றும் உண்டு. உணவில் கரோட்டின் தனியாக வருவதே இல்லை. இயற்கையில் கரோட்டினாய்டு நிறமிகள் 600க்கும் மேல். மனித ரத்தத்தில் முக்கியமாகக் காணப்படுபவை ஆறு: ஆல்பா கரோட்டின், பீட்டா கரோட்டின், கிரிப்டோசாந்தின், லூட்டின், சியாசாந்தின், லைகோபீன். முருங்கைக்கீரையோ பரங்கியோ சாப்பிடும்போது இவற்றில் பலவும், கூடவே ஃபோலேட், நார்ச்சத்து, பொட்டாசியம் என்று ஒரு கூட்டமே உள்ளே போகிறது. அந்தக் கூட்டத்தில் அன்று எளிதாக அளக்க முடிந்ததும், தொழிற்சாலையில் செய்து மாத்திரையாக்க முடிந்ததும் பீட்டா கரோட்டின். பெருமை முழுவதும் அதற்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவுதான் விஷயம் என்றால் மாத்திரையால் பலன் இல்லை என்பதோடு கதை முடிந்திருக்க வேண்டும். கேடு ஏன் வந்தது?

அளவை முதலில் பார்க்க வேண்டும். பின்லாந்துக்காரர்களின் ரத்தத்தில் கரோட்டின் பதினைந்து மடங்குக்கும் மேல் ஏறியது. சிலருக்குத் தோலே மஞ்சளித்துப் போனது. 20 மில்லிகிராம் என்பது கால் கிலோ கேரட்டில் இருக்கும் அளவுதான் என்றாலும், காயிலிருந்து உடல் எடுப்பதும் மாத்திரையிலிருந்து எடுப்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2001இல் வகுத்த கணக்குப்படி, எண்ணெயில் கரைத்த பீட்டா கரோட்டின் 2 மைக்ரோகிராம் தரும் வைட்டமின் ஏயைப் பெற உணவிலிருந்து 12 மைக்ரோகிராம் வேண்டும். அதாவது ஆறு மடங்கு வித்தியாசம். காய்கறி சாப்பிட்டு அந்த ஆண்களின் ரத்த அளவை எட்டுவது நடைமுறையில் ஆகாத காரியம்.

அடுத்தது நுரையீரல் என்ற இடம். உடலிலேயே ஆக்சிஜன் அழுத்தம் மிகுந்த உறுப்பு அது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் பீட்டா கரோட்டின் நல்ல காவலன் என்றும், ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் அதுவே ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டக்கூடியது என்றும் பர்ட்டன், இங்கோல்டு என்ற இருவர் 1984இலேயே சோதனைக்குழாயில் காட்டியிருந்தார்கள். பின்லாந்துச் சோதனை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு அது. சோதனைக்குழாயில் நடப்பதெல்லாம் உடலில் நடக்கும் என்று யாரும் சொல்ல முடியாதுதான். ஆனாலும் அந்தக் குரலுக்கு இன்னும் கொஞ்சம் காது கொடுத்திருக்கலாம் என்று இன்று படிக்கும்போது மனம் கனக்கிறது.

சோதனை முடிந்த பிறகு அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபெரட் எனும் சிறு விலங்குகளை வைத்து ஆராய்ந்தார்கள். எலியின் குடல் கரோட்டினை ஏறக்குறைய முழுவதும் வைட்டமின் ஏ ஆக்கிவிடும். ஃபெரட் மனிதரைப்போல ஒரு பங்கை அப்படியே ரத்தத்துக்கு விடும். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதிக அளவு கரோட்டினும் சிகரெட் புகையும் சேர்ந்து கிடைத்த விலங்குகளின் நுரையீரலில், புற்றுநோய்க்கு முந்தைய நிலையைப் போன்ற செல் மாற்றங்கள் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் தெரிந்தன. செல்கள் ஒழுங்காக முதிர்வதற்குத் தேவையான ரெட்டினாயிக் அமிலம் நுரையீரலில் குறைந்திருந்தது. செல் பெருக்கத்தைத் தூண்டும் புரதங்கள் கூடியிருந்தன. புகை கரோட்டினைச் சிதைக்கிறது, சிதைந்த துண்டுகள் செல்லின் ஒழுங்கைக் கெடுக்கின்றன என்பது இதிலிருந்து எழுந்த விளக்கம். 1999இல் இது வெளியானது.

பின்லாந்து முடிவு வந்தபோது, ஏதோ தற்செயல் என்று நம்ப விரும்பியவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் அப்போது இன்னொரு பெரிய சோதனை நடந்துகொண்டிருந்தது. புகைபிடிப்பவர்கள், விட்டவர்கள், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலில் இருந்தவர்கள் என 18,314 பேர். தினமும் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினோடு 25,000 யூனிட் வைட்டமின் ஏயும் கொடுத்தார்கள். இதற்குக் கேரட் என்று சுருக்கப்பெயர் வேறு அமைந்திருந்தது. 1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்பாகவே இதை நிறுத்திவிட்டார்கள். மாத்திரை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மொத்த மரணம் 17 சதவீதமும் கூடியிருந்தன. தற்செயல் என்று சொல்ல இனி வழியில்லை. அதே நேரத்தில் அமெரிக்க மருத்துவர்கள் 22,071 பேரில் பாதிப் பேர் 12 ஆண்டுகள் ஒருநாள் விட்டு ஒருநாள் 50 மில்லிகிராம் எடுத்துக்கொண்ட ஆய்வின் முடிவும் வந்தது. அந்த மருத்துவர்களில் புகைபிடிப்பவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான். அங்கே நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் உள்ள லின்சியானில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. 29,584 பேருக்கு பல்வேறு சத்துக் கூட்டுகள் கொடுத்துப் பார்த்ததில், 15 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றும் சேர்ந்து கிடைத்தவர்களிடையே புற்றுநோய் மரணம் 13 சதவீதம் குறைந்தது. இரைப்பைப் புற்றுநோய் மரணம் 21 சதவீதம் குறைந்தது. மூன்றில் எது செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அந்த மக்கள் பல ஆண்டுகளாகச் சத்துக்குறைவோடு வாழ்ந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. குறையை நிரப்பினால் பலன் தரும் பொருள், நிறைந்த இடத்தில் மேலும் கொட்டினால் அதே பலனைத் தர வேண்டும் என்ற கட்டாயமில்லை.

நமக்குப் பக்கத்திலேயே திருவனந்தபுரத்தின் மண்டலப் புற்றுநோய் மையம் செய்த சோதனையும் இங்கே சேர வேண்டும். வாயில் வெள்ளைத்திட்டு விழுந்திருந்த 160 பேர் அதில் இருந்தார்கள். புகையிலை, வெற்றிலைப் பழக்கத்தால் வரும் இந்தத் திட்டு சிலருக்குப் புற்றாக மாறக்கூடியது. ஓராண்டு மாத்திரைக்குப் பின், சத்து எதுவும் இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம் பேருக்கும், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்கும், வைட்டமின் ஏ எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும் திட்டு முழுவதும் மறைந்தது. 1997இல் இதை வெளியிட்டார்கள். நம்பிக்கை தரும் எண்கள்தான். ஆனால் மாத்திரையை நிறுத்தியதும், கரோட்டினால் குணமானவர்களில் பாதிப் பேருக்கும் வைட்டமின் ஏயால் குணமானவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் திட்டு திரும்பி வந்துவிட்டது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. மாத்திரை தேடுவதைவிட அந்தப் புகையிலையை விடுவிக்க உதவுவதே அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய காரியம்.

அப்படியானால் ரத்தத்தின் கரோட்டின் அளவை அளப்பதே வீண் வேலையா? இல்லை. மார்பகப் புற்றுநோயில் அது இன்னும் திறந்திருக்கும் கேள்வி. எட்டு ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து 2012இல் ஒரு பெரிய அலசல் வந்தது. நோய் வந்த பெண்கள் 3,000க்கும் மேல். ரத்தத்தில் கரோட்டினாய்டுகள் அதிகம் இருந்தவர்களுக்கு ஆபத்து சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத, அதாவது அந்த ஹார்மோனைச் சாராத வகைப் புற்றில் உறவு இன்னும் அழுத்தமானது: பீட்டா கரோட்டின் மிக அதிகம் இருந்தவர்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களின் ஆபத்தில் ஏறக்குறைய பாதி.

இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். உடல் பருமன், மாதவிடாய் நின்ற பெண்களிடம் முக்கியமாகத் தூண்டிவிடுவது ஹார்மோனைச் சார்ந்த மார்பகப் புற்றை. பருமன்தான் கரோட்டினையும் குறைத்துப் புற்றையும் கூட்டுகிறது என்பது முழு விளக்கமாக இருந்தால், உறவு அந்த ஹார்மோன் வகையில்தான் பலமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஹார்மோன் சாராத வகையில் பலமாகத் தெரிவதால், நிறமியோ, அதோடு சேர்ந்து வரும் உணவோ உண்மையிலேயே ஏதோ செய்கிறது என்ற எண்ணத்துக்கு இடமிருக்கிறது. மருத்துவத்துக்கு எளிதில் கட்டுப்படாத வகை இது. மேற்கு நாடுகளைவிட இந்தியப் பெண்களிடம் இதன் பங்கு அதிகம். அதனால் இந்தக் கேள்விக்கு விடை காண்பதில் நமக்கு இரட்டை அக்கறை இருக்க வேண்டும். ஆனாலும் இது ரத்தம் காட்டும் உறவுதான். நுரையீரல் விஷயத்திலும் உறவு இதே அளவு உறுதியாகத்தான் தெரிந்தது.

தக்காளியின் சிவப்பான லைகோபீன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தக்காளி அதிகம் சாப்பிடும் ஆண்களுக்கு ப்ராஸ்டேட் புற்று குறைவு என்று 1995இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு சொன்னது. பின்னால் வந்த ரத்த ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2007இல் ஐரோப்பாவின் பெரிய ஆய்வில், முற்றிய நிலைப் புற்றோடு மட்டும் உறவு தெரிந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் இன்னொரு ஆய்வில் அதுவும் இல்லை. ப்ராஸ்டேட் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. உடல்நலத்தில் அக்கறை உள்ள ஆண்கள் காய்கறியும் அதிகம் சாப்பிடுவார்கள், ப்ராஸ்டேட் நோயைத் தேடும் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனையும் அடிக்கடி செய்துகொள்வார்கள். பரிசோதனை செய்தால் நோய் அதிகம் கண்ணில் படும். அங்கே கணக்கு எதிர்த்திசையில் கெடும். லைகோபீன் மாத்திரை புற்றைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்ய 2005இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி மறுத்தது.

இதையெல்லாம் வைத்து ஒருவர் தன் வீட்டில் என்ன செய்யலாம்? கீரைக்கும் காய்க்கும் பழத்துக்கும் இதில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. உணவில் வரும் கரோட்டினால் கேடு என்று இந்தச் சோதனைகள் எதுவும் சொல்லவில்லை. ரத்தத்தில் கரோட்டின் எவ்வளவு என்று பணம் கட்டிப் பரிசோதிக்கவும் ஆரோக்கியமான ஒருவருக்குத் தேவையில்லை. அந்த எண் குறைவாக வந்தாலும் செய்ய வேண்டியவை அதே காரியங்கள்தான்: புகையை விடுவது, மதுவை விடுவது, எடையைக் கவனிப்பது, தட்டில் காய்கறியைக் கூட்டுவது.

மாத்திரை விஷயத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். புற்றுநோயைத் தடுப்பதற்காக பீட்டா கரோட்டின் மாத்திரை எடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2022இல் வெளிப்படையாகவே பரிந்துரைத்தது. பின்லாந்தில் மாத்திரையை நிறுத்திய பிறகு கூடுதல் ஆபத்து சில ஆண்டுகளில் மெல்ல மறைந்தது என்பது ஓர் ஆறுதல். அங்கே கேடு மிகுதியாகத் தெரிந்தது நாளுக்கு 20 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைத்தவர்களிடமும் மது கூடுதலாக அருந்தியவர்களிடமும்தான்.

புகையை விட்டுவிட்டேன், எனக்கு இது பொருந்தாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வயதானவர்களின் விழித்திரை நோய்க்குக் கொடுக்கும் சத்துமாத்திரையில் ஒரு காலத்தில் பீட்டா கரோட்டின் முக்கியப் பொருளாக இருந்தது. 2013இல் வெளியான பெரிய கண் ஆய்வில் அது இருந்த மாத்திரையையும் இல்லாத மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். அப்போது புகைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு கரோட்டின் கொடுக்கவே இல்லை. அப்படியிருந்தும் கரோட்டின் எடுத்தவர்களில் 2 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் 0.9 சதவீதம் பேருக்கும் நுரையீரல் புற்று வந்தது. நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் முன்பு புகைத்து, பிறகு விட்டவர்கள். அதன்பின் அந்தக் கண் மாத்திரையில் கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டினும் சியாசாந்தினும் சேர்க்கும் முறை வந்தது. உங்கள் வீட்டில் புகைத்த பெரியவர், பீடியை விட்டுப் பல ஆண்டு ஆனவராகவே இருந்தாலும், கண்ணுக்கோ பொதுச் சத்துக்கோ மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், அட்டையைத் திருப்பிப் பீட்டா கரோட்டின் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். இருந்தால், அது இல்லாத மாற்றுக் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.